இனி அவள் உங்கள் மகள்

பொன்மலை, திருச்சி
9-6-1978

சேசு மரி சூசை

அன்புள்ள அக்கா,

இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பதினோரு மணி தாண்டிவிட்டது. சின்னவன் இப்போதுதான் கண்ணை மூடினான். அவன் அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட். பகலில் பேனாவைத் தொட முடிவதில்லை. எழுத்து கோணலாக இருந்தால் தூக்கக் கலக்கம் என்று வைத்துக்கொள். இங்கே மூவரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வெயில் காலத்திலாவது வலி விட்டதா?

காசெட் கிடைத்தது. உங்கள் சபை சிஸ்டர் ஒருவர் பங்குச் சாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நம் வீட்டில் டேப் ரெக்கார்டர் ஏது? எதிர்க் குவார்ட்டர்ஸ் ரோஷன் பேகத்தின் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்தது இருக்கிறது. அங்கே போய்க் கேட்டோம். அமலி 'அருள் நிறைந்த மரியே' முழுவதும் தடுமாறாமல் சொன்னாள். "அம்மா, சாப்டியா? தம்பி அழுவுறானா?" என்று கேட்டாள். நடுவில் ஒரு பெண்ணின் குரல் ஏதோ கேட்டது. இவள் சடசடவென்று அந்த ஊர்ப் பாஷையில் என்னவோ சொன்னாள். அறையே சிரித்தது. அதில் உன் சிரிப்பும் கேட்டது.

"என்ன சொல்லுச்சுங்க உங்க பொண்ணு?" என்றாள் ரோஷன் பேகம்.

"தெரியலையே."

"பெத்த பொண்ணு பேசுறது தெரியலையா?" என்று அவளும் சிரித்தாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜனவரியில் நாலு வயதுப் பிள்ளையை உங்கள் சிஸ்டரோடு பம்பாய் ரயிலில் ஏற்றிவிட்டபோது எனக்கு ஏழாம் மாதம். கூட வர வழியில்லை. உங்கள் மடத்து மதரின் தம்பி டாக்டர், அமலியின் காலுக்கு இலவசமாக ஆபரேஷன் செய்து தருகிறார், பிள்ளை நேராக நடப்பாள் என்று நீ எழுதியதை நம்பித்தான் அனுப்பினோம். அவள் சொல்வதையெல்லாம் நீ தமிழில் எழுதி அனுப்புகிறாய். அது போதும் என்று இருந்தேன். போதவில்லை. நானே ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளப் போகிறேன். காலேஜில் என் பெஞ்சில் உட்கார்ந்த பத்மாசனியை உனக்கு ஞாபகம் இருக்கும். அவள் வீட்டுக்காரர் ஸ்பானிஷ் பேசும் ஒரு தீவில், லாஸ் பால்மாஸ் ஊரில், ஒரு சிந்திக்காரர் கடையில் கணக்கு எழுதினார். ஆறு வருஷம் அங்கே இருந்துவிட்டு இப்போது ஸ்ரீரங்கத்துக்கே வந்துவிட்டார்கள். சனிக்கிழமை தோறும் வரச் சொல்லியிருக்கிறாள்.

அமலி அன்று என்ன சொன்னாள் என்று மறக்காமல் எழுது.

தங்கை,
லூர்துராணி


புர்கோஸ்
30-6-1978

யேசுவின் அன்பில் லூர்துவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். முழங்கால் தன் பாட்டுக்கு இருக்கிறது. சின்னவனுக்குப் பெரியம்மாவின் முத்தம்.

அமலி சொன்னது இதுதான். பிலார், "அலமாரியில் இருந்த பிஸ்கட்டை யார் தின்றது?" என்று கேட்டாள். உன் மகள், "நான் இல்லை, பரிசுத்த ஆவி" என்றாள். கன்னியர் மடத்துச் சகவாசம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

பிலார் எங்கள் மடத்துக்கு எதிரே ரொட்டிக்கடை வைத்திருக்கிறவள் என்று முன்பே எழுதியிருக்கிறேன். மடத்தில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொள்ள அனுமதி இல்லாததால் அவளும் புருஷன் எமிலியோவும் அமலியைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். பையன்கள் இரண்டு பேரும் பெரியவர்கள். ஒருவன் பட்டாளத்தில், ஒருவன் மாட்ரிட்டில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அமலி என்னிடம் வந்துவிடுவாள். சாயங்காலம் வரை நாங்கள் இரண்டு பேரும் தமிழ்தான். இந்த ஊருக்கு வந்த பதினோரு வருஷத்தில் நான் வாய்விட்டுத் தமிழ் பேசுவது இந்த ஆறு மாதமாகத்தான்.

ஸ்பானிஷ் படிக்கப்போவது நல்லது. உன் டீச்சர் தீவுக்காரி, 'கிராஸியாஸ்' என்பாள். இங்கே நாக்கைப் பல்லில் வைத்து 'கிராத்தியாஸ்' என்போம். இரண்டும் நன்றிதான். ஆனால் அதை நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். தண்ணீர் கொடுத்தால் நன்றி, கதவைப் பிடித்தால் நன்றி, பெற்ற தாய் சோறு போட்டாலும் நன்றி. வந்த புதிதில் நான் சொல்லாமல் இருந்துவிட்டு, கர்வம் பிடித்தவள் என்று பேர் வாங்கினேன். நம்முடைய நீ, நீங்கள் மாதிரி இவர்களுக்கும் 'தூ', 'உஸ்தெத்' உண்டு. ஆனால் பிள்ளைகள் அப்பா அம்மாவை 'நீ' என்பார்கள். அமலி எமிலியோவை நீ, வா, போ என்கிறாள். அவள் அப்பா தைரியராஜ் கேட்டால் பிரம்பைத் தேடுவார். ராத்திரிச் சாப்பாடு பத்து மணிக்கு. அதனால் அவள் தூங்க நேரமாகிறது என்று கவலைப்படாதே, மத்தியானம் தூங்குகிறாள்.

முதல் ஆபரேஷனின் கட்டைப் பிரித்தாகிவிட்டது. இரண்டாவது ஆபரேஷன் நவம்பரில்.

அக்கா,
டோரதி


பொன்மலை
20-8-1978

அன்புள்ள அக்கா,

உன் ஆசீர்வாதத்தில் சுகம். சின்னவனுக்குச் சளி, வேறொன்றுமில்லை. அங்கே இன்னும் இரண்டு மாதத்தில் குளிர் ஆரம்பித்துவிடுமே, கம்பளி இருக்கிறதா?

சனிக்கிழமை சின்னவனை ரோஷன் பேகத்திடம் விட்டுவிட்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி ஒன்றாம் நம்பரில் போகிறேன். பத்மாசனி வீடு கீழ உத்தர வீதியில். அடுக்களையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே சொல்லித் தருவாள். முதல் பாடம் என்ன தெரியுமா? 'சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் உவேவோ.' கறி இல்லாமல், மீன் இல்லாமல், முட்டை இல்லாமல்.

"எனக்கெதுக்குடி இது? நாங்க எல்லாம் சாப்புடுவோம்," என்றேன்.

"அப்போ சின்னை எடுத்துடு. கோன்னு சொல்லு. கறியோட, மீனோட. ஆறு வருஷம் எனக்கு மூச்சே இந்த மூணு வார்த்தைதான். உனக்கென்ன, எங்க போனாலும் பொழைச்சுப்பே," என்றாள்.

அவளுக்குத் தெரிந்த ஸ்பானிஷ் எல்லாம் கடைத் தெருவும் பஸ்ஸும் வாடகை வீட்டுக்காரியும்தான். அழுத்தி விலை கேட்பாள், 'ரொம்ப அதிகம்' என்பாள், ஆனால் நான் 'மழை வரும்போல இருக்கிறது' எப்படி என்று கேட்டால் "அந்தத் தீவுல மழையே கிடையாதுடி" என்று விட்டுவிடுவாள். போன வாரம் ஒரு கதை சொன்னாள். பக்கத்து வீட்டு அம்மாள் வைத்திருந்த கண்ணாடி ஜாடியைப் பார்த்து அழகாக இருக்கிறது என்றாளாம். அந்த அம்மாள், "உன்னோடதுதான்" என்றாளாம். "நானும் என்ன நல்ல மனசுன்னு எடுத்துண்டு வந்துட்டேன். மறுநாள் அவ ஆத்துக்காரர் வாசல்ல வந்து நின்னு இருமறார். அது பேச்சுக்குச் சொல்றதாம். நாம வேண்டாம் வேண்டாம்னு சொல்லணுமாம்!" சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

இவருக்குத்தான் பொறுக்கவில்லை. "பி.ஏ. படிச்சு இங்கிலீஷ்ல ஒரு மனு எழுதத் தெரியல, ஸ்பானிஷாம்" என்கிறார். நேற்று சாப்பாடு போட்டபோது வேண்டுமென்றே 'கிராஸியாஸ்' என்றார். சின்னவனுக்கு அந்த வார்த்தை பிடித்துப்போய் ஒரே சிரிப்பு.

பிலாருக்கு நானே எழுத வேண்டும். அவர்கள் விலாசம் அனுப்பு. ஏழு மாதமாக என் பிள்ளைக்குச் சோறு போடுகிறவளுக்கு நான் ஒரு வரி எழுதவில்லை.

லூர்து


புர்கோஸ்
19-9-1978

அன்பு லூர்து,

அனைவரும் நலம் என்று நம்புகிறேன். அவசரத்தில் எழுதுகிறேன். விலாசம் பிலார் தானே எழுதிய சீட்டில் இருக்கிறது, இணைத்திருக்கிறேன். தெருப்பெயருக்குக் கீழே 'சு காசா' என்று எழுதியிருக்கிறாள் பார். 'இது உங்கள் வீடு' என்று அர்த்தம். இங்கே மரியாதைக்காரர்கள் விலாசம் கொடுத்தால் அப்படித்தான் கொடுப்பார்கள்.

கடிதத்தை முதலில் எனக்கு அனுப்பு. திருத்தித் தருகிறேன்.

ஆபரேஷன் நவம்பர் எட்டாம் தேதி. எல்லாம் நல்லபடி முடிந்தால் ஈஸ்டருக்குள் ஊருக்கு அனுப்பலாம் என்கிறார் டாக்டர். எனக்கு இந்த வருஷமும் விடுப்பு இல்லை. கேட்கவும் இல்லை.

டோரதி


பொன்மலை
15-10-1978

அன்புள்ள அக்கா,

உனக்கும் மடத்தில் எல்லோருக்கும் எங்கள் ஸ்தோத்திரம். அக்கா, திட்டாதே. உனக்கு அனுப்பாமல் பிலாருக்கே நேராக அனுப்பிவிட்டேன். நீ திருத்தினால் அது உன் கடிதமாகிவிடும். தப்போ சரியோ என் கையால் போகட்டும் என்று நினைத்தேன். பத்மாசனியும் நானும் டிக்ஷனரியை வைத்துக்கொண்டு மூன்று சனிக்கிழமை மல்லாடினோம்.

என்ன எழுதினேன் என்றால், முதலில் சுகம் விசாரித்தேன். அமலிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினால் தூங்குவாள் என்று எழுதினேன். (எண்ணெய் தேய்ப்பதற்கு வார்த்தை கிடைக்காமல் 'தலையில் எண்ணெய் போடவும்' என்று எழுதியிருக்கிறோம். பொரியல் ஞாபகம் வராமல் இருக்க வேண்டும்.) நீங்கள் செய்வதற்கு நாங்கள் என்ன கைம்மாறு செய்யப்போகிறோம், கடவுள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன். கடைசியில் நாம் வழக்கமாகச் சொல்வதுதான்: 'அமலியை உங்கள் கையில் ஒப்படைத்துவிட்டேன். இனி அவள் உங்கள் மகள். நீங்கள் எது செய்தாலும் எங்களுக்குச் சம்மதம்.' இது மட்டும் தப்பில்லாமல் வந்திருக்கிறது என்று பத்மாசனிக்கு ரொம்பத் திருப்தி. "கல்யாணத்துல சம்பந்திகிட்ட சொல்ற மாதிரி கௌரவமா இருக்குடி," என்றாள்.

எட்டாம் தேதி நான் ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருக்கப்போகிறேன். பூசைக்கும் கொடுத்திருக்கிறோம். ஆபரேஷன் முடிந்ததும் தந்தி அடி.

லூர்து


புர்கோஸ்
17-12-1978

அன்பு லூர்து, தைரியராஜ், சின்னவன்,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். தந்தி கிடைத்திருக்கும். கடிதம் தாமதமானதற்கு வேலைதான் காரணம். இங்கே பனி விழுகிறது. அமலி ஆஸ்பத்திரி ஜன்னலில் பார்த்துவிட்டு உப்பு என்றாள்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. இன்னும் சில வாரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பிலார் கடையை எமிலியோவிடம் விட்டுவிட்டுப் பகல் முழுவதும் அங்கேயே இருக்கிறாள். உன் கடிதம் அவளுக்குக் கிடைத்தது. படித்துக்கொண்டே இருக்கிறாள். மற்ற பிள்ளைகளோடும் நர்ஸ்களோடும் இருப்பதால் அமலிக்கு ஸ்பானிஷ் தண்ணீர்பட்ட பாடு. எனக்கு ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் பார்க்க அனுமதி.

ஒன்று கேட்க வேண்டும். தைரியராஜ் அவளுடைய படிப்பைப் பற்றி என்ன நினைக்கிறார்? இங்கே பள்ளிக்கூடங்கள் நன்றாக இருக்கின்றன. சும்மாதான் கேட்கிறேன்.

டோரதி


பொன்மலை
2-2-1979

அக்கா,

நாங்கள் சுகம். நீ சுகமா என்று கேட்கத்தான் வேண்டும், கேட்கிறேன்.

ஜனவரியில் உனக்கு இரண்டு கடிதம் போட்டேன். அமலி எந்த மாதம் வருகிறாள் என்று ஒரு கேள்விதான் கேட்டிருந்தேன். பதில் இல்லை. போன திங்கள் பிலாரிடமிருந்து வந்தது. பத்மாசனியிடம் கூடப் போகவில்லை. சின்னவனைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டே டிக்ஷனரியைப் பார்த்துப் பார்த்து நானே படித்தேன். மத்தியானம் முழுக்க ஆனது.

மாடி அறைக்கு வெள்ளையடித்துவிட்டார்களாம். செப்டம்பரில் பள்ளிக்கூடமாம். நான் கொடுத்தது போன்ற பரிசை எந்தத் தாயும் கொடுத்ததில்லையாம். தத்துப் பத்திரம் எழுத எமிலியோ நோட்டரியிடம் பேசிவிட்டாராம். எங்கள் இரண்டு பேர் கையெழுத்தும் அவளுடைய ஞானஸ்நானச் சர்டிபிகேட்டும் வேண்டுமாம். 'சிஸ்டர் டோரதியிடம் அக்டோபரிலேயே உங்கள் கடிதத்தைக் காட்டினோம், அவருக்கு எல்லாம் தெரியும்' என்று எழுதியிருக்கிறாள்.

அந்த வரியைத் தப்பாகப் படித்தேனோ என்று மறுபடி மறுபடி டிக்ஷனரி பார்த்தேன். தப்பாகப் படிக்கவில்லை.

அக்கா, அவர்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியாதா? என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று அப்பா வாத்தியாரிடம் என்ன சொன்னார்? "இனி உங்க புள்ள. கண்ண மட்டும் விட்டுட்டு மத்தத நீங்க பாத்துக்குங்க." நீயும் பக்கத்தில் நின்றாயே. அதற்காக வாத்தியார் என்னைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டாரா? அவர்கள் மட்டும் விலாசத்துக்குக் கீழே 'உங்கள் வீடு' என்று எழுதலாமா? நான் அங்கே வந்து வீட்டுப் பத்திரத்தைக் கொடுங்கள் என்றால் கொடுப்பார்களா?

இவரிடம் படித்துக் காட்டினேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"அங்க இருந்தா டாக்டர் பக்கத்துல இருக்காரு. படிப்பு இருக்கு. இங்க வந்தா அதுக்கு என்ன இருக்கு? யோசிச்சுப் பாரு லூர்து."

"நான் யோசிக்க என்ன இருக்கு?"

"நீதானே எழுதுன, எது செஞ்சாலும் சம்மதம்னு? நானா எழுதுனேன்?"

அன்றிலிருந்து நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. பத்மாசனி அழுகிறாள். "ஜாடியை எடுத்துண்டு வந்தவ நான். எனக்கே தோணலையேடி," என்கிறாள். அவளுக்கு எப்படித் தோன்றும்? அவளும் நம் ஊர்க்காரிதானே. சொல்ல வேண்டியது நீ.

லூர்துராணி


(பிலாருக்கு ஸ்பானிஷில் அனுப்பியது. உனக்காகத் தமிழில் நகல் எழுதியிருக்கிறேன். யாரும் திருத்தவில்லை.)

பொன்மலை
11-2-1979

செனோரா பிலார் அவர்களுக்கு,

நீங்களும் செனோர் எமிலியோவும் சுகமாக இருக்க வேண்டும்.

என் ஸ்பானிஷ் சிறியது. அதனால் நேராக எழுதுகிறேன். மரியாதைக்கு எழுதும் வாக்கியம் ஒன்றும் இதில் இல்லை.

அமலி என் மகள். நான் அவளை உங்களுக்குக் கொடுக்கவில்லை. கால் சரியாகும் வரை பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

எங்கள் ஊரில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடும்போது ஆசிரியரிடம் 'இனி இவள் உங்கள் மகள்' என்று சொல்வோம். சாயங்காலம் போய்க் கூட்டிக்கொண்டு வருவோம். அந்த வாக்கியத்தைத்தான் உங்களுக்கு எழுதினேன். உங்கள் பாஷையில் அது வேறாக இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தவறு என்னுடையது.

எங்கள் ஊரில் சொந்தக்காரர்களுக்கு நன்றி சொல்ல மாட்டோம். உங்கள் ஊரில் சொல்லாவிட்டால் தெரியாது என்கிறார்கள். அதனால் சொல்கிறேன். நீங்கள் போட்ட ரொட்டிக்கு நன்றி. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த நாட்களுக்கு நன்றி. வெள்ளையடித்த அறைக்கும் நன்றி.

நீங்கள் அவளை நேசிக்கிறீர்கள். இதைப் படித்தால் உங்களுக்கு வலிக்கும். தெரிந்தும் எழுதுகிறேன்.

டாக்டர் போகலாம் என்றதும் அவளை அனுப்புங்கள்.

அமலியின் தாய்,
லூர்துராணி


புர்கோஸ்
21-3-1979

அன்பு லூர்து,

நலம். நீங்கள் நலமாக இருக்க ஜெபிக்கிறேன்.

உன் கடிதத்தை பிலார் மடத்துக்குக் கொண்டுவந்து என்னிடமே படிக்கச் சொன்னாள். தான் படித்தது சரிதானா என்று பார்க்கத்தான். படித்தேன். அழவில்லை அவள். கடைக்குப் போய் மாவு பிசைந்தாள். மறுநாள் வந்து ஒன்றே ஒன்று கேட்டாள்: "சாயங்காலம் கூட்டிப் போய்விடுவார்களா?" ஆமாம் என்றேன். "எல்லோருமா?" என்றாள். எல்லோரும் என்றேன். சரி என்று போய்விட்டாள். நோட்டரியை நிறுத்தியாகிவிட்டது. எமிலியோ என்னோடு பேசுவதில்லை. அதில் நியாயம் இருக்கிறது.

அக்டோபரில் அவர்கள் உன் கடிதத்தோடு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊரில் இது பேச்சுக்குச் சொல்வது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அமலி என் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் ஒன்று இரண்டு எண்ணிக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

டாக்டர் சம்மதித்துவிட்டார். அமலி நடக்கிறாள். இடது காலுக்குக் கனமான பூட்ஸ். ஓடும்போது லேசாகச் சாய்கிறாள், அவ்வளவுதான். மே இரண்டாம் வாரம் விமானத்தில் வரலாம். மதர் என்னையே கூட்டிப் போகச் சொல்கிறார், இரண்டு மாத விடுப்போடு. வேறு சிஸ்டரை அனுப்பலாம் என்றும் சொல்லியிருக்கிறேன். நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படி.

ஒன்று உன்னிடம் மறைக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் இருந்த மாதங்களில் அவளுக்குத் தமிழ் போய்விட்டது. முதலில் நான் தமிழில் கேட்டால் ஸ்பானிஷில் பதில் சொன்னாள். இப்போது கேட்பதே புரியவில்லை. 'அருள் நிறைந்த மரியே' மட்டும் சொல்கிறாள், பாட்டு மாதிரி, அர்த்தம் தெரியாமல். நீ ஸ்பானிஷ் படித்தது நல்லதாகப் போயிற்று.

டோரதி


பொன்மலை
8-4-1979

சேசு மரி சூசை

அன்புள்ள அக்கா,

இன்று குருத்து ஞாயிறு. கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். எல்லோரும் சுகம். சின்னவன் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

நீயே கூட்டிக்கொண்டு வா. வேறு சிஸ்டரை அனுப்பாதே. என் கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன், போகவில்லை. நேரில் வா, சண்டை போட்டுக்கொள்ளலாம். இரண்டு மாதமும் உனக்குத் தமிழ் பேச ஆள் இருக்கும். ரோஷன் பேகம் ஒருத்தி போதும்.

உன் கடிதத்தை இவர் தானாகவே கேட்டு வாங்கிப் படித்தார். பூட்ஸ் என்ற இடத்தில் நிறுத்தி, "எவ்வளவு கனம்னு எழுதலையே" என்றார். வெள்ளிக்கிழமை ரயில்வே ஒர்க்ஷாப்பிலிருந்து வந்ததும் குளியலறைப் படி ஓரத்தில் ஒரு இரும்புக் கம்பி நட்டிருக்கிறார், அவள் உயரத்துக்கு. உயரம் உத்தேசம்தான். கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டு தனக்குத் தானே 'பியென், பியென்' என்று சொல்லிப் பார்க்கிறார். 'நன்றாக இருக்கிறது' என்பதற்கு அதுதான் வார்த்தை என்று என்னிடம் கேட்டு வைத்திருந்தார்.

இப்போது நான் கேட்கப்போவதற்கு நீ உடனே பதில் போட வேண்டும். எனக்கு ரொட்டி வாங்கத் தெரியும். டிக்கெட் எடுக்கத் தெரியும். மீன் வேண்டாம் என்று சொல்லத் தெரியும். நீ முன்பு அனுப்பிய ஸ்பானிஷ் பாடப் புத்தகத்தில் ஓட்டலும் ரயில்வே ஸ்டேஷனும் இருக்கின்றன. பத்மாசனிக்கு அங்கே குழந்தை இல்லை. அவளைக் கேட்டும் பயனில்லை. பிள்ளையிடம் பேசுகிற பேச்சு எங்கேயும் இல்லை. தலை பின்னும்போது ஆடாமல் உட்காரு என்பதற்கு என்ன சொல்கிறார்கள்? சாப்பிட அடம்பிடித்தால் எப்படிக் கெஞ்சுகிறார்கள்? கால் வலித்தால் பெரியவர்கள் மாதிரி வலி என்கிறாளா, பிள்ளைகளுக்கென்று வேறு வார்த்தை இருக்கிறதா? ராத்திரி விழித்துக்கொண்டு அழுதால் என்ன சொல்லி அழுகிறாள்? பிலார் என்ன சொல்லித் தூங்க வைக்கிறாள்?

இதையெல்லாம் நீ யோசித்து எழுதாதே. உனக்கும் தெரியாது, நீ ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தாய். பிலாரிடம் போ. நான் கேட்கச் சொன்னேன் என்று சொல். அவள் எப்படிச் சொல்கிறாளோ அப்படியே, ஒரு எழுத்து மாற்றாமல் அந்த ஸ்பானிஷைத் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு. சொல்ல முடியாது என்றாளானால் வற்புறுத்தாதே. சொல்வாள் என்றுதான் நினைக்கிறேன்.

கடிதம் வர இரண்டு வாரம் ஆகிறது. மே மாதத்துக்குள் நான் மனப்பாடம் செய்ய வேண்டும். சீக்கிரம் பதில் போடு அக்கா.

லூர்து